போடிமெட்டைத் தாண்டாத தகுதிச் சான்று: ஓர் ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) குடியிருக்கும் கணித ஆசிரியை ஒருவர், தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தும், கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளியில் முறைப்படி வகுப்பெடுக்கும் தகுதியை அடைய ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆயின. அவர் பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரத் தொலைவுதான். இரண்டு ஊர்களிலும் பேச்சுமொழி தமிழ். அவர் கற்பிக்க விரும்பிய பாடம் கணிதம். ஆனாலும் இரு மாநில எல்லையிலுள்ள போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு அப்பால் அவருடைய சான்றுகளில் ஒன்றுகூட அப்படியே ஏற்கப்படவில்லை. ஏன் ஏற்கப்படவில்லை, எங்கே தவறு நேர்ந்தது, எந்த இடத்தில் சட்டம் சரியாகவே நடந்துகொண்டது, எந்த இடத்தில் வழி இருந்தும் எவரும் அதைக் காட்டவில்லை என்பதைப் படிப்படியாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

நான் தேவிகுளம் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஆசிரியையின் ஃபைல் என் மேசைக்கு வந்தபோது பாதி வழி ஏற்கெனவே கடந்திருந்தது. எஞ்சிய பாதியில் நானும் உடன் நடந்தேன். அவருடைய பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும், அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஈட்டிய தகுதி

தேனி மாவட்டத்துக்காரரான அவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியொன்றில் தமிழ்வழியில் பி.எஸ்சி. கணிதம் படித்து 2011-இல் முடித்தார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எட். முடித்தார். அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, 2015-16 கல்வியாண்டிலிருந்துதான் அது ஈராண்டுப் படிப்பாயிற்று. சிறிய விவரமாகத் தோன்றும் இந்த மாற்றம் பின்னர் அவருக்கு எட்டு மாதங்களை விலையாகக் கேட்டது.

2013 ஆகஸ்ட்டில் நடந்த தமிழ்நாடு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் அவர் 150-க்கு 85 மதிப்பெண் பெற்றார். அன்றைய விதிப்படி 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண், எல்லோருக்கும் பொதுவான தேர்ச்சி எல்லையாக இருந்ததால் முதலில் அவர் தேர்ச்சி பெறவில்லை. 2014 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு அளித்து, அதை 2013 தேர்வுக்கும் பொருந்தச் செய்தபோது, பட்டியல் சாதியைச் சேர்ந்த அவர் தேர்ச்சி பெற்றவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தளர்வை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. இடைப்பட்ட காலம் முழுவதும் தான் தேர்ச்சி பெற்றவரா இல்லையா என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாத நிலையில், ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தார். தகுதித் தேர்வு மதிப்பெண்ணுக்கு 60 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட். ஆகியவற்றுக்கு 40 விழுக்காடும் கொடுத்துக் கணக்கிட்ட வெயிட்டேஜ் முறையில் அவருக்கு அரசுப் பணி எட்டவில்லை. 2018 ஜூலையில் வந்த 149-ஆம் எண் அரசாணை, தகுதித் தேர்வில் வென்றவர்களும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றாக்கியது. அப்போது அவர் திருமணமாகி, மலையேறி ஓராண்டு ஆகியிருந்தது.

புதிய மாநிலம் எதை அளக்கிறது

2018 ஜூனில் கேரளப் பள்ளிகள் திறந்தபோது, அருகிலிருந்த தமிழ்வழிப் பள்ளியின் யு.பி. பிரிவில் (ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை) தினக்கூலி அடிப்படையில் ஓர் இடம் இருப்பதை அறிந்து, தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வுச் சான்றோடு நேர்காணலுக்குச் சென்றார். அங்கே கேட்ட முதல் இரண்டு கேள்விகள் இவைதான்: கே-டெட் (கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வு) இருக்கிறதா, ஈக்குவலன்சி (பட்டம் கேரளப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) இருக்கிறதா. இரண்டும் இல்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

ஆசிரியர் தகுதி நாடு முழுவதற்கும் ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 2010 ஆகஸ்ட் 23 அன்று குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. 2011 பிப்ரவரி 11 அன்று தகுதித் தேர்வுக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. 150 வினாக்கள், 60 விழுக்காடு தேர்ச்சி, இரண்டு தாள்கள் என்ற அமைப்பு அங்கிருந்துதான் எல்லா மாநிலங்களுக்கும் சென்றது. ஆனால் தேர்வை நடத்துவது அந்தந்த மாநிலம். பணி விதிகளை வகுப்பதும் அந்தந்த மாநிலமே. எனவே வேறு மாநிலத்திலிருந்து வரும் ஆசிரியரைப் புதிய மாநிலம் ஒரே கேள்வியால் அளப்பதில்லை. பட்டம் இங்கே ஏற்கப்பட்டதா, தகுதித் தேர்வு இங்கே செல்லுமா, எந்த வகுப்பு வரை செல்லும், இடஒதுக்கீட்டுச் சலுகை இங்கே உண்டா என நான்கு கேள்விகள் எழுகின்றன. அந்த நான்கையும் நான்கு வெவ்வேறு அலுவலகங்கள் கேட்கின்றன. ஒன்றின் விடை மற்றொன்றுக்கு உதவுவதில்லை. இந்த ஆசிரியை நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்த பிறகே தெரிந்துகொண்டார்.

பட்டத்தின் ஏற்பு

கேரளக் கல்வி விதிகள் ஆசிரியரின் பட்டத்தையும் பயிற்சியையும் குறிப்பிடும்போது, கேரளப் பல்கலைக்கழகங்கள் வழங்கியதோ ஏற்றுக்கொண்டதோ ஆக இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமாயிற்றே என்ற வாதம் அந்நாளில் எடுபடவில்லை. ஈக்குவலன்சி எனப்படும் இணைத்தன்மைச் சான்று தனியே பெற்றாக வேண்டியிருந்தது. இடுக்கி மாவட்டம் கோட்டயத்திலுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால், அவர் அங்கேயே விண்ணப்பிக்க முடிவு செய்தார். அந்த ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் வந்தது. மூணாறு அருகிலுள்ள பெரியவாரைப் பாலம் இடிந்தது. சாலைகள் சீராகி அவர் கோட்டயத்துக்குப் பேருந்து ஏற நவம்பராயிற்று.

விண்ணப்பத்துடன் மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றும் மட்டும் போதவில்லை. அவர் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டம், வழங்கிய பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, பி.எஸ்சி.க்கும் பி.எட்.டுக்கும் தனித்தனியே தேவைப்பட்டது. பி.எஸ்சி. பாடத்திட்டம் இரண்டு மாதத்தில் கிடைத்துவிட்டது. பி.எட். பாடத்திட்டத்தில்தான் சிக்கல். 2018-இல் எங்கே கேட்டாலும் கிடைத்தது ஈராண்டுப் படிப்பின் புதிய பாடத்திட்டம். அவர் படித்ததோ 2011-12-இன் ஓராண்டுப் படிப்பு. தெரியாமல் புதியதை இணைத்து அனுப்பிய முதல் விண்ணப்பம், மதிப்பெண் பட்டியலிலுள்ள தாள்களின் பெயரும் பாடத்திட்டத்திலுள்ள தாள்களின் பெயரும் ஒத்துவரவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவர் படித்த கல்லூரியின் அலுவலகத்தில் பழைய அலமாரியைத் திறந்து, கரையான் அரித்த ஓரங்களோடு ஒரு பிரதியைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் அங்கே நெடுநாள் பணியாற்றிய ஓர் எழுத்தர். அந்தப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, சென்னை காரப்பாக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அவருடைய தம்பி நேரில் எடுத்துச் சென்று முத்திரை பெற்று வந்தார். இரண்டு இணைத்தன்மைச் சான்றுகளும் 2019 ஜூலையில் கைக்கு வந்தன.

இந்த எட்டு மாதத்தில் எந்த அலுவலகமும் சட்டத்துக்கு மாறாக நடக்கவில்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். புதிய பாடத்திட்டத்தை வைத்துப் பழைய பட்டத்தை மதிப்பிட முடியாது. ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன், கல்லூரியும் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த நாளிலேயே, தான் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கி வைத்திருந்தால் இந்த எட்டு மாதம் எட்டு வாரமாகச் சுருங்கியிருக்கும். மாநிலம் மாறப்போகும் எந்த ஆசிரியரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

82-க்கும் 90-க்கும் நடுவில்

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட், திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள பரீட்சா பவனால் நடத்தப்படுகிறது. எல்.பி. (தொடக்கப் பள்ளி), யு.பி., உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றுக்கு முறையே முதல் மூன்று பிரிவுகளும், மொழி, சிறப்புப் பாட ஆசிரியர்களுக்கு நான்காம் பிரிவும் உள்ளன. முதல் இரண்டு பிரிவுகளுக்குத் தமிழிலும் வினாத்தாள் கிடைக்கும். தமிழையே முதல் மொழியாகத் தேர்ந்துகொள்ளவும் முடியும். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி எல்லை அந்நாளில் 90. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 82. தேர்வுக் கட்டணமும் பொதுப் பிரிவினருக்கு 500 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 250 ரூபாய்.

2019 இறுதியில் இரண்டாம் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் சாதிப் பிரிவு கேட்ட இடத்தில் பட்டியல் சாதி என்று குறித்து, 250 ரூபாய் செலுத்தினார். பிறந்ததிலிருந்து எல்லாப் படிவங்களிலும் எதை எழுதினாரோ அதையே எழுதினார். தேர்வில் 86 மதிப்பெண் வந்தது. தேர்ச்சி என்றே இணையத்தில் முடிவு காட்டியது. லயத்தில் அன்று மாலை லட்டு கொடுத்தார்கள்.

கே-டெட்டில் முடிவு வந்ததும் சான்று கையில் வந்துவிடாது. கல்வி மாவட்ட அலுவலகத்தில் அசல் சான்றுகளைக் காட்டி, சரிபார்ப்பு முடிந்த பிறகே சான்றிதழ் கிடைக்கும். 2020 தொடக்கத்தில் அந்தச் சரிபார்ப்புக்குப் போனவரிடம், மேசைக்கு அப்பால் இருந்தவர் இணைத்தன்மைச் சான்றுகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சாதிச் சான்றில் நிறுத்தினார். “டீச்சரே, இது தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது அல்லவா? இங்கே உள்ள சர்ட்டிஃபிகேட் வேண்டும்” என்றார். வில்லேஜ் ஆபீசில் கேட்டபோது, அங்கேயும் கொடுக்க முடியாது என்றே விடை வந்தது. கேரளத்தின் கணக்கில் அவர் பொதுப் பிரிவு. பொதுப் பிரிவுக்கு 90 வேண்டும். அவரிடம் இருந்தது 86.

இதைக் கேட்டபோது எனக்கும் முதலில் கோபமே வந்தது. பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பட்டியல் சாதிகளின் பட்டியல், 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் வழியாக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் பட்டியலிலுள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அதே சாதிப் பெயர் அங்கேயும் பட்டியலில் இருந்தாலும்கூட, அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்ட் 30 அன்று, பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. ஒரு சாதி அனுபவிக்கும் ஒடுக்குமுறை அந்தந்த மாநிலத்தின் சமூகச் சூழலைப் பொறுத்தது, அதனால் பட்டியலும் அந்த மாநிலத்துக்கே உரியது என்பது அதன் அடிப்படை. எனவே அந்த அலுவலர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் தோட்டப் பகுதியில் இந்தச் சட்டம் எப்படி இறங்குகிறது என்பதையும் பதிவு செய்யாமல் விட முடியாது. இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த தமிழ்க் குடும்பங்களில், 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்ட முடிந்தவர்களுக்குச் சாதிச் சான்று கிடைக்கிறது. காட்ட முடியாதவர்களுக்கு அது நெடுங்காலப் போராட்டம். ஆசிரியையின் கணவருடைய தாத்தா 1940-களில் எஸ்டேட் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் இருந்தவர். அதனால் கணவருக்கு இங்கே சான்று உண்டு. சாதிநிலை தந்தைவழியாகக் கணக்கிடப்படுவதாலும், திருமணம் அதை மாற்றாததாலும், ஒரே லயத்தின் ஒரே அறையில், ஒரே சாதியைச் சேர்ந்த கணவனும் மனைவியும் இருக்க, ஒருவர் பட்டியல் சாதி, மற்றவர் பொதுப் பிரிவு. அவர்களுடைய குழந்தை தந்தையின் வழியில் மீண்டும் பட்டியல் சாதி. இப்படி ஒரு குடும்பத்தை நேரில் பார்த்த பிறகு, அந்தத் தீர்ப்புகளின் நியாயத்தை நான் மறுக்கவில்லை என்றாலும், அந்த நியாயம் இந்த லயத்தின் வாசலில் வந்து நிற்கும்போது தன் காரணத்தைத் தொலைத்துவிடுகிறது என்றே கருதுகிறேன். மலைக்கு அந்தப்பக்கம் அவர் எந்த ஒடுக்குமுறையில் பிறந்தாரோ, அது அவரோடு பேருந்தில் ஏறித்தான் வந்தது, போடியிலேயே இறங்கிக்கொள்ளவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்று கேட்டால், விண்ணப்பப் படிவத்தின் முன் உட்கார்ந்திருந்த அந்தப் பொழுதில். பொதுப் பிரிவு என்று குறித்து 500 ரூபாய் கட்டியிருந்தாலும் 86 மதிப்பெண் 86-தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தனக்கு 90 வேண்டும் என்று தெரிந்து படித்திருப்பார். தேர்ச்சி என்ற பொய்யான மகிழ்ச்சியும், அதன் பின் வந்த பல மாதச் சோர்வும் இருந்திருக்காது. அவரை அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்தேன். “சார், நான் பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டார். 2014-இல் தமிழ்நாட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்.

இரண்டாம் முறையும் ஒரு முன்னெழுத்தும்

நான் முதலில் அவருக்குச் சொன்ன யோசனை சி-டெட். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்தும் அந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் தேறியவர்களுக்கு, கேரளத் தேர்வாணையத்தின் அந்நாளைய அறிவிக்கைகள் கே-டெட் இரண்டாம் பிரிவிலிருந்து விலக்களித்தன. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் அது செல்லும். நாளைக்கே இன்னொரு மாநிலத்துக்குப் போக நேர்ந்தாலும் கைகொடுக்கக்கூடிய ஒரே சான்று அது. தேனியில் இருந்தபோதே அதை எழுதியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் சி-டெட்டில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாமே தவிர, கணித-அறிவியல் வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவருக்கு, அறுபது மதிப்பெண்ணுக்கான பகுதியை ஆங்கிலத்தில் வாசித்து 90-ஐத் தாண்டுவது எளிதாகத் தோன்றவில்லை. ஆகவே மீண்டும் கே-டெட்டையே, தமிழ் வினாத்தாளோடு, எழுதுவதென்று முடிவு செய்தோம்.

கொரோனாவால் தேர்வு தள்ளிப்போய், 2020 இறுதியில் நடந்தது. இம்முறை பொதுப் பிரிவு என்று குறித்து, 500 ரூபாய் கட்டி எழுதி, 93 மதிப்பெண் பெற்றார்.

சரிபார்ப்பில் இன்னொரு தடை வந்தது. தமிழ்நாட்டுச் சான்றுகளில் அவர் பெயருக்கு முன் தந்தையின் முன்னெழுத்து ஒற்றை எழுத்தாக இருந்தது. திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவரின் பெயர் முழுதாகச் சேர்ந்திருந்தது. கே-டெட் விண்ணப்பத்தில் ஆதாரிலுள்ளபடி எழுதியிருந்தார். இருவரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைத்து, காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் நம்முடைய வழக்கம், அதை அறியாத கண்ணுக்கு இரண்டு ஆட்களாகத் தெரிவதில் வியப்பில்லை. கேரளத்தில் இதற்கென்றே வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது. மக்கள் அதை ‘ஒன் அண்ட் சேம்’ என்பார்கள். வில்லேஜ் ஆபீசில் அதைப் பெற்றுக் கொடுத்த பின், 2021-இன் நடுவில் கே-டெட் சான்றிதழ் கைக்கு வந்தது. ஏறத்தாழ அதே நாட்களில்தான், தகுதித் தேர்வுச் சான்றின் ஏழாண்டு வரம்பை நீக்கி, 2011-இலிருந்து பெற்ற சான்றுகள் எல்லாம் ஆயுள் முழுதும் செல்லும் என்று மத்திய அரசு அறிவித்தது. 2020-இலேயே காலாவதியாகிவிட்டது என்று அவர் பெட்டிக்கடியில் போட்டிருந்த தமிழ்நாட்டுச் சான்றும் அதனால் உயிர்பெற்றது.

எந்த வகுப்பு வரை

தமிழ்நாட்டில் இரண்டாம் தாளில் தேறிய பட்டதாரி ஆசிரியர் ஆறிலிருந்து பத்து வரை எடுப்பார். கேரளத்தில் யு.பி. என்பது ஐந்திலிருந்து ஏழு வரை. எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது. அதற்குக் கே-டெட் மூன்றாம் பிரிவு தனியே வேண்டும். சி-டெட் தேறியிருந்தாலும் இந்த இடத்தில் அது உதவியிருக்காது. தேனியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்தவர், இங்கே ஏழாம் வகுப்போடு நிற்க வேண்டியதாயிற்று. மாநிலம் மாறும்போது ஆசிரியரின் தகுதி குறுக்காக மட்டும் வெட்டப்படுவதில்லை, நெடுக்காகவும் வெட்டப்படுகிறது என்பதை இந்தக் கட்டத்தில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

‘ஏற்கலாம்’ என்ற சொல்

2011 பிப்ரவரியின் வழிகாட்டு நெறிகளில், பலருடைய கண்ணில் படாத ஒரு வாசகம் உண்டு. மாநில அரசின் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும், இன்னொரு மாநிலம் வழங்கிய தகுதித் தேர்வுச் சான்றைக் கொண்டவரின் தகுதியையும் கருத்தில் கொள்ளலாம் என்பது அதன் பொருள். கட்டாயம் என்று அது சொல்லவில்லை. ‘லாம்’ என்று விட்டிருக்கிறது. அந்த ‘லாம்’ இந்த மலையில் எனக்குத் தெரிந்தவரை ஒருவருக்கும் பயன்பட்டதில்லை.

எல்லா ஆசிரியர்ப் பணிகளுக்கும் அண்டை மாநிலச் சான்றை அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேரளத்துக்குத் தனிக் கலைத்திட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்தவரே கற்பிக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் தமிழ்வழிப் பணியிடங்களின் நிலை வேறு. தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதியை மொழிச் சிறுபான்மையினருக்குச் செய்துதர வேண்டும் என்று, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அதே 1956-இல் அரசியலமைப்பில் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்தோடு சேர்வது என்ற வாதம் கடுமையாக நடந்த காலம் அது. எல்லை ஒருவழியாக முடிவான பிறகு, எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட குழந்தைகளுக்குத் தமிழில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப்பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களாகவே இருப்பார்கள். இரு மாநிலத் தேர்வுகளின் 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சிக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30 என 90 மதிப்பெண்ணுக்கான பகுதி அடிப்படையில் ஒரே தன்மையது. மிச்சமிருக்கும் 60-இல் கேரளப் பாடநூலின் பங்கைக் கற்றுக்கொள்ள ஒரு குறுகிய பயிற்சி போதும். தமிழ்வழி யு.பி. பணியிடங்களுக்கு மட்டுமாவது, அண்டை மாநிலச் சான்றை ஏற்று, பணியேற்ற பின் அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்குவது அந்த ‘லாம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அந்த மூன்றரை ஆண்டில் அவர் நேர்காணலுக்குப் போன பள்ளியின் தமிழ்வழிக் கணித வகுப்புகளில் பலவற்றைப் பிற பாட ஆசிரியர்கள் மாற்றி மாற்றி எடுத்தார்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

கேரளத்தில் பள்ளிகள் மீண்டும் திறந்த 2021 நவம்பர் 1 அன்று, அதே பள்ளியில், அதே யு.பி. பிரிவில், தினக்கூலி ஆசிரியையாக அவர் சேர்ந்தார். அரசியலமைப்பின் 16(2)-ஆம் பிரிவு, பிறப்பிடத்தையும் வசிப்பிடத்தையும் காரணமாக்கி அரசுப் பணி மறுப்பதைத் தடுப்பதால், தேர்வாணையத்தின் ‘துளசி’ தளத்தில் பதிந்து, தமிழ்வழி யு.பி. ஆசிரியர் தேர்வையும் பொதுப் பிரிவிலேயே எழுதினார். ரேங்க் லிஸ்ட்டில் பெயர் வந்திருக்கிறது. அதன் ஆயுள் கூடினால் மூன்று ஆண்டு. அதற்குள் இடம் வர வேண்டும். இடையில் கே-டெட் மூன்றாம் பிரிவிலும் தேறிவிட்டார்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், தகுதித் தேர்வு நடைமுறைக்கு வருவதற்கு முன் பணியேற்றவர்களிலும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மாதம் நான் பள்ளிக்குப் போயிருந்தேன். நான்கு மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, ஆசிரியர் அறையில் மூவர் இருந்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் சர்வீஸ் உள்ள இரண்டு டீச்சர்கள் ஒரு பக்கம். எதிரே, இன்னும் தினக்கூலியில் இருக்கும் அவர். மேசையில் விரித்திருந்தது அவருடைய பழைய கோடு போட்ட நோட்டு. உளவியலாளர் பியாஜே சொன்ன குழந்தை அறிவு வளர்ச்சியின் நான்கு படிநிலைகளை நீல மையில் கட்டம் கட்டி எழுதியிருந்த பக்கத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்க, மூத்த டீச்சர்களில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றாம் படிநிலையை மறுபடி சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.